ஓடும் முகாம்: நிதி திரட்டும் சைக்கிள் பயணங்கள் நோயைச் சுமக்காதிருக்க

போர் முடிந்த பிறகு, நாட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தோ சைக்கிள் மிதித்தோ நிதி திரட்டும் பயணங்கள் வடக்கில் எங்களுக்குப் பழகிய காட்சியாகிவிட்டன. அவற்றில் பலருக்கும் நினைவிருப்பது 2011 ஜூலையில் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை வந்த 'ட்ரெயில்' நடைபயணம். ஏறத்தாழ 670 கிலோமீற்றரை 27 நாட்களில் நடந்தார்கள். தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை ஒன்றைக் கட்டுவதற்காக அந்த நிதி திரட்டப்பட்டது. 2016 ஒக்ரோபரில் அதே பாதையில் எதிர்த்திசையாகப் பருத்தித்துறையிலிருந்து புறப்பட்டு, காலி கராப்பிட்டிய வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவுக்காக நடந்தார்கள். அவற்றைப் பார்த்தும் பாராமலும் பழைய மாணவர் சங்கங்களும் புலம்பெயர் அமைப்புகளும் சிறுசிறு குழுக்களாகச் சைக்கிள் பயணங்களை நடத்துகின்றன. சில மூன்று நாள், சில ஒரு வாரம்.

இவற்றின் நோக்கத்தில் எனக்கு ஐயமில்லை. தெல்லிப்பழையில் அந்த வைத்தியசாலை நிற்கிறது. மகரகமைக்குப் பஸ் ஏற வேண்டியிருந்த எத்தனையோ குடும்பங்கள் இன்று அங்கே சிகிச்சை பெறுகின்றன.

ஆனாலும் ஒவ்வொரு பயணமும் முடிந்தபின் வெளியாகும் அறிக்கைகளில் இரண்டு கணக்குகள்தான் இருக்கின்றன: எத்தனை கிலோமீற்றர், எவ்வளவு பணம். மூன்றாவது கணக்கை யாரும் கேட்பதில்லை. பயணத்தின்போது எத்தனை பேருக்கு வயிற்றோட்டம் வந்தது, எத்தனை பேருக்குக் காய்ச்சல் கண்டது, அவர்கள் படுத்தெழும்பிய ஊர்களில் அடுத்த வாரம் என்ன நடந்தது?

இது அற்பமான கேள்வி என்று தோன்றலாம். எங்கள் மக்களுக்கு மட்டும் அது அற்பமாகத் தோன்றக்கூடாது. முகாம் என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும். பல நாள் சைக்கிள் பயணம் என்பதும் ஒரு முகாம்தான். ஒவ்வோர் இரவும் வேறோர் ஊருக்கு இடம் மாறும் முகாம். நூறு பேர் ஒரே மண்டபத்தில் நெருக்கமாகப் படுக்கிறார்கள், ஒரே கிணற்றில் அள்ளுகிறார்கள், ஒரே பாத்திரத்துச் சோற்றை உண்கிறார்கள், விடிந்ததும் அடுத்த மாவட்டத்துக்குப் போகிறார்கள். நிலையான முகாமில் வரும் நோய் பெரும்பாலும் அந்த முகாமோடு நிற்கும். ஓடும் முகாமில் வரும் நோயோ ஓடும்.

நாங்கள் அறிந்த பாடம்

1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்குப் போனவர்களில் நானும் ஒருவன். நாவற்குழிப் பாலத்தைக் கடந்து வந்த சனம் பாடசாலைகளையும் கோயில் மண்டபங்களையும் நிரப்பியது. நாங்கள் தங்கிய பாடசாலையில் ஒரு கிணறு, சில மலசலகூடங்கள், பல நூறு பேர். முதல் வாரத்திலேயே கிணற்றுக்கு ஒரு பொதுவாளி ஒதுக்கப்பட்டது. வேறு வாளி விடக்கூடாது என்று பெரியவர்கள் காவல் இருந்தார்கள். கிணற்றுக்குக் குளோரின் போட்டார்கள். தண்ணீர் மணக்கிறது என்று முணுமுணுத்தவர்களும் அதையே குடித்தார்கள். சவர்க்காரத்தின் விலை எட்டாத காலத்தில் சாம்பலும் பனங்களியும் கைகொடுத்தன. அங்கே ஒழுங்குகளை வைத்தவர்கள் பட்டம் பெற்றவர்கள் இல்லை. ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர், ஒரு குடும்பநல உத்தியோகத்தர், சில இளைஞர்கள். கட்டளையிடும் அதிகாரத்தை அவர்களுக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. தேவை கொடுத்தது.

அந்த ஒழுங்கு கைமீறும் அளவுக்குச் சனத்தை ஓரிடத்தில் அடைத்தால் என்ன ஆகும் என்பதை 2009இல் வவுனியாவில் கண்டோம். மெனிக்பாம் உள்ளிட்ட முகாம்களில் இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமான மக்கள் முட்கம்பிக்குள் அடைக்கப்பட்டார்கள். செங்கமாரியும் கொப்புளிப்பானும் கூடாரம் கூடாரமாகப் பரவின. அங்கே நோய்க்குக் காரணம் மக்களின் அசுத்தம் என்று எழுதியவர்களும் உண்டு. தண்ணீரும் மலசலகூடமும் போதாத இடத்தில் எவரை அடைத்தாலும் அதுதான் நடக்கும்.

மனிதாபிமான உதவிக்கான 'ஸ்பியர்' நியமங்கள் அந்த நாட்களில் தொண்டு நிறுவனங்களின் வாயில் அடிக்கடி அடிபட்டன. ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லீற்றர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு மலசலகூடம். அதே அளவுகோலை ஒரு சைக்கிள் பயணத்துக்கும் வைத்துப் பார்க்கலாம். 60 ஓட்டுநர்களும் 20 உதவியாளர்களும் என்றால் 80 பேர். அவர்களுக்கு இரவுத் தங்குமிடத்தில் குறைந்தது நான்கு மலசலகூடங்களும் 1,200 லீற்றர் தண்ணீரும் வேண்டும். வியர்த்து விறுவிறுத்து வருபவர்களுக்கு இந்தத் தண்ணீர் காணாது என்பது வேறு கதை. பாதையைத் திட்டமிடும்போது மேடு, பள்ளம், வெயில் நேரம் எல்லாம் பார்க்கிறார்கள். இந்தக் கணக்கைப் பார்ப்பவர்கள் குறைவு.

கதிர்காமப் பாதை சொல்லும் செய்தி

பல நாள் பயணமும் நோயும் எங்களுக்குப் புதிய சோடி இல்லை. தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, உகந்தை வழியாகக் காடு கடந்து கதிர்காமம் போகும் பாதயாத்திரை வாரக்கணக்கில் நடப்பது. 19ஆம் நூற்றாண்டில் கதிர்காமத்துக்குக் கூடிய சனத்தின் நடுவே வாந்திபேதி பரவியபோது, ஆங்கில அரசு யாத்திரிகர்களின் தொகையைக் கட்டுப்படுத்தியது. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய பின் 1908இல் அம்பாந்தோட்டைக்கு உதவி அரசாங்க அதிபராகப் போன லெனாட் வூல்ஃப், கதிர்காமத் திருவிழாவை நேரில் நின்று மேற்பார்வை செய்ய வேண்டியிருந்தது. திருவிழா நடத்துவது அரசின் வேலை இல்லை. கூடிய சனம் நோயோடு ஊர்களுக்குத் திரும்பிவிடக்கூடாது என்ற அச்சமே அந்த மேற்பார்வைக்குப் பின்னால் இருந்தது.

காலனி அரசின் கட்டுப்பாட்டில் பக்தர்களின் மனத்தைப் பற்றிய அக்கறை இருக்கவில்லை. ஆனால் அது ஒன்றைச் சரியாகப் புரிந்துகொண்டிருந்தது: யாத்திரையின் சுகாதாரம் யாத்திரிகர்களோடு முடிவதில்லை. பாதையோரத்துக் கிராமங்களும் அதில் அடக்கம். 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் எங்கள் சுகாதார வைத்திய அதிகாரிகளின் கையிலுள்ள கருவி. கொவிட் காலத்தில் அதைத்தான் எடுத்தார்கள்.

கொவிட்டின் முதல் பாடத்தை யாழ்ப்பாணம் 2020 மார்ச்சில் அரியாலையில் கற்றது. வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் நடத்திய ஓர் ஆராதனை, அதன்பின் அவருக்குத் தொற்று உறுதியான செய்தி, கலந்துகொண்டவர்களைத் தேடி அலைந்த சுகாதாரப் பணியாளர்கள். 2021 ஏப்ரலில் எங்கள் திருநெல்வேலியின் பாற்பண்ணைப் பகுதியே முடக்கப்பட்டது. நோயோடு சேர்ந்து பழியும் பரவியதை அப்போது கண்டோம். யார் வந்தார்கள், எங்கே தங்கினார்கள் என்ற பெயர்ப்பட்டியல் ஒன்று கையில் இருந்தால் தேடுதலும் குறையும், பழிசுமத்தலும் குறையும்.

வெளியில் நடந்தவை

சைக்கிளுக்கே உரிய ஆபத்துகளும் உண்டு. 2008 ஜூலையில் பிரித்தானியாவின் வேல்ஸ் பகுதியில் பில்த் வெல்ஸ் என்ற ஊரை ஒட்டி மலைப்பாதைச் சைக்கிள் போட்டி ஒன்று நடந்தது. நல்ல மழை. பாதை முழுவதும் சேறு. அந்தச் சேற்றில் ஆட்டுப் புழுக்கை கலந்திருந்தது. போட்டி முடிந்த சில நாட்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் வயிற்றோட்டத்தால் வாடினார்கள். கம்பைலோபக்டர் என்ற பக்டீரியா காரணம் எனத் தெரிந்தது. உணவிலிருந்து வந்ததா என்று தேடிய ஆய்வாளர்கள் கடைசியில் சேற்றில் வந்து நின்றார்கள். சக்கரம் தெறித்த சேறு முகத்திலும் தண்ணீர்ப் போத்தலின் வாயிலும் ஒட்டி, அங்கிருந்து வயிற்றுக்குள் போயிருக்கிறது.

மாரியில் வன்னியின் உள்வீதிகளில் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மாடுகள் வீதியிலேயே படுத்திருக்கும் பிரதேசம் அது. சேறுதாங்கி பூட்டுவது, மூடியுள்ள போத்தல் பாவிப்பது, குடிக்குமுன் போத்தல் வாயைத் துடைப்பது ஆகிய மூன்றும் செலவில்லாத தடுப்புகள். பந்தயச் சைக்கிளில் சேறுதாங்கி அழகாக இருக்காது என்பவர்கள் கோடையில் மட்டும் ஓடட்டும்.

இன்னொன்று, 2000ஆம் ஆண்டில் மலேசியாவின் சபாவில் நடந்த 'ஈக்கோ சலஞ்ச்' என்ற பல நாள் சாகசப் போட்டி. 304 பேர் பங்குபற்றினார்கள். காட்டிலும் ஆற்றிலும் சைக்கிளிலும் போன போட்டி அது. முடித்துவிட்டு எல்லோரும் தத்தம் நாடுகளுக்குப் போனபின் காய்ச்சல் தொடங்கியது. எலிக்காய்ச்சல். பின்னர் தொடர்புகொண்டு விசாரிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் இருவருக்கு நோய்க்குறிகள் இருந்தன. சேகாமா ஆற்றில் நீந்தியவர்களுக்கே ஆபத்து அதிகம் இருந்ததாகக் கண்டறிந்தார்கள்.

எலிக்காய்ச்சல் உடம்பில் தெரியவர இரண்டு நாளும் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம். அதற்குள் பயணம் முடிந்து, நன்றிக் கடிதமும் அனுப்பியாகிவிடும். ஓட்டுநர் ரொறன்ரோவிலோ லண்டனிலோ காய்ச்சலோடு வைத்தியரிடம் போவார். யாழ்ப்பாணத்து வெள்ளநீரில் சைக்கிளை உருட்டிக் கடந்ததை அந்த வைத்தியரிடம் அவர் சொல்லாவிட்டால் சிகிச்சை பிந்தும். 2024 நவம்பர் இறுதி வெள்ளத்தின் பின், டிசம்பரில் யாழ் மாவட்டத்தில் சில நாட்களுக்குள் ஏழு பேர் காய்ச்சலால் இறந்தார்கள். பருத்தித்துறை, கரவெட்டிப் பக்கங்களில் ஊரே பயந்தது. பெயர் தெரியாத காய்ச்சல் என்று தொடங்கிய பேச்சு, பரிசோதனை முடிவுகள் வந்தபின் எலிக்காய்ச்சல் என்று முடிந்தது. வயலில் இறங்குபவர்களுக்குச் சுகாதாரத் திணைக்களம் தடுப்புக்காக டொக்சிசைக்கிளின் மாத்திரை கொடுக்கிறது. மழைக்காலத்தில் வெள்ளம் நின்ற வீதிகளால் போகவிருக்கும் குழுவினரும் அந்தப் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் இதுபற்றிக் கேட்டறிந்துவிட்டுப் போவதே புத்தி.

தண்ணீரும் தண்ணீர்ப்பந்தலும்

குடாநாட்டின் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இருந்து வருகிறது. வெடிப்பும் துவாரமும் உள்ள கல் அது. மேலே ஊற்றுவது விரைவாகக் கீழே போகும். திருநெல்வேலி போன்ற நெரிசலான இடங்களில் இரண்டு பரப்புக் காணிக்குள் வீடும் கிணறும் மலசலகூடக் குழியும் இருக்கின்றன. அயல்வீட்டுக் குழி எங்கள் கிணற்றுக்கு எங்களுடையதைவிடக் கிட்ட இருப்பதும் உண்டு. நெருப்புக் காய்ச்சல் யாழ்ப்பாணத்தை விட்டு அகலாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஊரவர்களுக்குச் சிறுவயதிலிருந்தே பழகிய கிருமிகளில் சில, வெளியிலிருந்து வருபவரைப் படுக்கையில் போட்டுவிடும். புலம்பெயர் தேசத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் தாய் தந்தையின் ஊரைப் பார்க்கும் ஆவலோடு இந்தப் பயணங்களில் சேருகிறார்கள். அவர்கள் வரும் முன்பே நெருப்புக் காய்ச்சலுக்கும் செங்கமாரிக்கும் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும்.

இது ஒருவழிப் பாதை இல்லை. அவர்களும் நோயைக் கொண்டுவரலாம். 2019இல் இலங்கை சின்னமுத்தை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. 2023இல் அது மீண்டும் இங்கே பரவியது. கனடாவோ 2025 நவம்பரில் தன் சின்னமுத்து ஒழிப்புத் தகுதியையே இழந்தது. தடுப்பூசி அட்டை பார்ப்பது அவமரியாதை என்று நினைக்கும் ஏற்பாட்டாளர்கள் இதை யோசிக்க வேண்டும்.

கிணற்றைச் சுத்திகரிக்கும் கணக்கு எளிது. விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, நீரின் ஆழத்தால் பெருக்கி, அதை 3.14ஆல் பெருக்கி நான்கால் வகுத்தால் கன மீற்றர் வரும். 3 மீற்றர் விட்டமும் 4 மீற்றர் நீரும் உள்ள கிணற்றில் 28 கன மீற்றருக்குச் சற்று அதிகமான தண்ணீர் இருக்கும், அதாவது 28,000 லீற்றருக்கு மேல். நல்ல பிளீச்சிங் பவுடர் என்றால் 1,000 லீற்றருக்கு 2.5 கிராம் என்பது பொதுவான அளவு. இந்தக் கிணற்றுக்கு 70 கிராம் போதும். கரைத்து, அடைய விட்டு, தெளிந்த நீரை ஊற்றிக் கலக்கி, ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். கலங்கிய கிணற்றுக்கு அளவு கூடும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்கூட்டியே சொன்னால் எஞ்சிய குளோரினை அளந்து பார்த்துச் சொல்வார். குழு வந்து இறங்கிய மாலையில் அவரைத் தேடி ஓடினால் நடக்காது.

தண்ணீர்ப்பந்தல் எங்கள் பண்பாட்டின் நல்ல பக்கம். வீதியால் போகிறவருக்கு மோரும் சர்க்கரைத் தண்ணீரும் கொடுக்காமல் விட எங்கள் ஆட்களுக்கு மனம் வராது. ஆனால் அண்டாவுக்குள் கையோடு செம்பை விட்டு அள்ளுவதும், நாலு குவளையை ஒரே வாளித் தண்ணீரில் அலசி அலசி எண்பது பேருக்குக் கொடுப்பதும் நோய்க்கு வைக்கும் பந்தல். கடையில் வாங்கிய ஐஸ் கட்டி எந்தத் தண்ணீரில் செய்யப்பட்டதென்று கடைக்காரருக்கே தெரியாது. குழாய் பூட்டிய பாத்திரம், ஓட்டுநரின் சொந்தப் போத்தல், வெட்டியவுடன் குடிக்கும் இளநீர். இவை இருந்தால் உபசரிப்புக்கும் குறைவில்லை.

சோறு காத்திருக்கக்கூடாது

ஊரவர் சமைத்துத் தரும் சாப்பாட்டில் உள்ள ஆபத்து அவர்களின் அடுப்படியில் இல்லை, பயணத்தின் தாமதத்தில் இருக்கிறது. 12 மணிக்கு வருவோம் என்ற குழு ரயர் காற்றுப் போய், வரவேற்புரைகள் நீண்டு, 3 மணிக்கு வருகிறது. 10 மணிக்கு வடித்த சோறு அதுவரை மூடியபடி இருக்கிறது. சமைத்த உணவை வெளி வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அடிப்படை அறிவுரைகளில் ஒன்று. எங்கள் வெயிலுக்கு அதுவே அதிகம். சோற்றில் ஊறிய நச்சு மீண்டும் சூடாக்கினாலும் போகாது. பச்சைத் தண்ணீர் விட்டு அரைத்த தேங்காய்ச் சம்பலுக்கு ஆயுள் இன்னும் குறைவு.

குழு முந்திய தரிப்பிடத்தை விட்டுப் புறப்பட்டதும் ஒரு தொலைபேசி அழைப்பு, அதன்பின் உலை வைப்பது என்ற ஓர் ஒழுங்கு போதும். சமைப்பவர்களில் யாருக்காவது வயிறு சரியில்லை என்றால் அன்று வேறொருவர் சமைக்கட்டும். உண்பதற்கு முன் எல்லோரும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். பயணக் குழுக்கள் கையில் வைத்திருக்கும் மதுசார ஜெல் நோரோ வைரஸ் போன்ற வயிற்றோட்டக் கிருமிகளிடம் சரிவர வேலை செய்யாது. அடியில் துளையிட்ட போத்தலும் சவர்க்காரத் துண்டும் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் கை கழுவுமிடம் தயார். முகாம்களில் நாங்கள் செய்ததுதான்.

வலி மாத்திரையும் காய்ச்சலும்

சைக்கிள்காரரின் பையில் வலி மாத்திரை இல்லாமல் இருக்காது. கால் வலிக்கு டைக்குளோபினாக், முதுகு வலிக்கு இபுபுரோபன். டெங்குக் காய்ச்சல் கண்டவர் இவற்றைப் போட்டால் இரத்தக்கசிவு ஆபத்து கூடும். எலிக்காய்ச்சலில் இவை சிறுநீரகத்தைக் கெடுக்கும். வடகீழ்ப் பருவமழைக்குப் பின் யாழ்ப்பாணத்தில் டெங்கு கூடுவது வழமை. காய்ச்சல் என்றால் பரசிற்றமோல் மட்டும் என்பதை ஒவ்வோர் ஓட்டுநருக்கும் முதல் நாளே சொல்ல வேண்டும். உடம்பு உழைவு களைப்பினாலா காய்ச்சலினாலா என்று ஓட்டுநருக்கே தெரியாமல் போகலாம். அதற்காகத்தான் காலையில் புறப்படுமுன் வெப்பமானி வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். 80 பேருக்கு அரை மணி நேரம் போகும். வயிற்றோட்டம் உள்ளவருக்கு ஒரு லீற்றர் சுத்தமான தண்ணீரில் ஒரு பைக்கற் ஜீவனி. அவர் அன்று ஓடக்கூடாது.

யார் நிறுத்துவது?

இங்கேதான் உண்மையான சிக்கல் இருக்கிறது. மேலே சொன்னவற்றில் எதுவும் இரகசியமில்லை, பணமும் அதிகம் வேண்டாம். நோயுற்றவரை நிறுத்துவது யார் என்பதே கேள்வி. வயிற்றோட்டமும் சத்தியும் நின்று 48 மணி நேரம் கழியும்வரை அவர் கூட்டத்தோடு சேரக்கூடாது என்பது பொதுவான விதி. ஐந்து நாள் பயணத்தில் இரண்டாம் நாள் நோயுற்றவருக்கு அதன் பொருள், பயணம் ஏறத்தாழ முடிந்தது என்பதே. அவர் ஆறு மாதம் பயிற்சி எடுத்திருப்பார். கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று நண்பர்களிடம் பணம் உறுதி வாங்கியிருப்பார். பாதியில் நின்றால் பிள்ளைகளுக்குப் போகும் பணம் குறையும் என்ற எண்ணமே அவரை மறைக்க வைக்கும். நல்ல மனம்தான் நோயை மறைக்கிறது. ஆகவே பணத்தைத் தூரத்தோடு கட்டாமல், புறப்படும் நாளிலேயே முழுத்தொகையும் உறுதியாகும் வகையில் வாங்க வேண்டும். நின்றவருக்கும் ஓடி முடித்தவருக்கும் ஒரே பதக்கம், ஒரே மேடை.

2020இல் பிரான்ஸ் சுற்றுச் சைக்கிள் போட்டி கொவிட்டின் நடுவே நடந்தது. ஓர் அணியில் ஒரு வாரத்துக்குள் இருவருக்குத் தொற்று உறுதியானால் அந்த அணியே வெளியேற்றப்படலாம் என்ற விதி இருந்தது. போட்டியின் பணிப்பாளர் கிறிஸ்ரியான் புறூதோமுக்கே தொற்று உறுதியானது. அவர் ஒரு வாரம் விலகி இருந்தார். போட்டி தொடர்ந்தது. விதி தலைவருக்கும் பொருந்தும் என்று காட்டியதால் மற்றவர்களுக்கு அதை மீற வழியில்லாமல் போனது. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து லொஸ் ஏஞ்சல்ஸ் வரை ஏழு நாள் ஓடி எய்ட்ஸ் நோயாளர்களுக்காக நிதி திரட்டிய 'எய்ட்ஸ் லைஃப்சைக்கிள்' பயணம் 2020இலும் 2021இலும் வீதியில் இறங்கவில்லை. நோயாளருக்காக ஓடுபவர்கள் நோயைப் பரப்பக்கூடாது என்பதை அவர்கள் விளங்கிக்கொண்டார்கள்.

எங்கள் நிலைமையில் இன்னொன்றும் சேர்கிறது. பயணம் போய்ச் சேரும் ஊர்களில் பெரும்பாலானவை போர் தின்ற ஊர்கள். உதவியோடு வருபவர்களை வாசலில் நின்று வரவேற்பதே அவர்களுக்குப் பழக்கம். மாலையும் கையுமாக நிற்கும் ஒரு தாய், வந்தவரைப் பார்த்து உங்களுக்குக் காய்ச்சலா தம்பி என்று கேட்க மாட்டார். கேட்டால் நன்றி கெட்டவள் என்று பெயர் வருமோ என்று பயப்படுவார். சில ஆண்டுகளுக்கு முன் இப்படியொரு வரவேற்பில் நான் நின்றேன். வெளிப்படையாக இருமிக்கொண்டிருந்த ஓர் ஓட்டுநர் சிறுவர் இல்லத்துப் பிள்ளைகளைத் தூக்கிவைத்துப் படம் எடுத்தார். இல்லத்துப் பொறுப்பாளர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பணம் வருகிற இடத்தில் வாய் திறக்க அவரால் முடியவில்லை. பெறுபவர் கேட்க முடியாத கேள்வியைக் கொடுப்பவர் தானாகவே கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த முறைமையைத்தான் நான் எதிர்பார்க்கிறேன்.

புற்றுநோய் வைத்தியசாலைக்கான பயணம் என்றால் இது இன்னும் கடுமையாகப் பொருந்தும். புற்றுநோய்க்கான மருந்து ஏற்றப்பட்டவரின் உடம்பில் எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்திருக்கும். எங்களுக்குத் தடிமன் மட்டும் தரும் கிருமி அவரை அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பும். ஐந்து நாள் கூட்டமாகப் படுத்து எழும்பி வந்தவர்கள் நேரே விடுதிக்குள் போய் நோயாளரின் கையைப் பிடிப்பது அன்பாகத் தெரியலாம். காசோலையை வாசலிலே கொடுக்கட்டும்.

திங்கட்கிழமை காலை

இறுதியாக, தங்குமிடங்கள். பெரும்பாலும் பாடசாலைகள். குழு ஞாயிறு இரவு தங்கி, திங்கள் விடியப் புறப்படுகிறது. 7.30க்குப் பிள்ளைகள் வருகிறார்கள். அதே மலசலகூடம், அதே குழாய்க் கைப்பிடி. நோரோ வைரஸ் இப்படியான பரப்புகளில் நாட்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். ஆகவே புறப்படுமுன் கழுவித் துடைப்பதும் பயணத்தின் பகுதிதான். பத்து லீற்றர் வாளித் தண்ணீரில் ஏறத்தாழ 30 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்தால் இதற்குப் போதுமான கரைசல் வரும். கையுறை போட்டு, யன்னல்களைத் திறந்துவைத்துச் செய்ய வேண்டும். அதைச் செய்வது பாடசாலையின் சுத்திகரிப்புத் தொழிலாளியின் கடமை இல்லை.

பயணம் முடிந்தபின் ஒரு மாதத்துக்கு ஒருவர் பொறுப்பாக இருந்து, ஓட்டுநர்கள், சமைத்தவர்கள், தங்குமிடப் பொறுப்பாளர்கள் எல்லோருடனும் தொடர்பில் இருக்கட்டும். யாருக்காவது காய்ச்சலோ செங்கமாரியோ கண்டால் அந்தப் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவிக்கட்டும். நிதியறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இத்தனை பேர் நோயுற்றார்கள், இத்தனை பேரை நிறுத்தினோம் என்று இரண்டு வரி எழுதட்டும்.

நன்கொடை கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த முறை ஒரு சைக்கிள் பயணத்துக்குப் பணம் கேட்டு உங்களிடம் வருபவரிடம், நோயுற்ற ஓட்டுநரை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். ஒரு பெயரைச் சொன்னால் தாராளமாகக் கொடுங்கள். பதில் இல்லையென்றால், அந்தப் பதிலோடு திரும்பி வரச் சொல்லுங்கள்.